மூலை திரும்பாத சாமி

நான் மைக் செட் போடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சர்ச் கூட்டம், கோயில் சொற்பொழிவு என்று காஞ்சிபுரத்தில் நான் வயர் இழுக்காத தெரு குறைவு. எத்தனையோ பெரியவர்கள் என் மைக்கில் பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. எங்கள் காதுக்குப் பேச்சு வேறு மாதிரி விழும். சத்தம் இடிக்கிறதா, பின்வரிசைக்குப் போகிறதா, ஸ்பீக்கர் ஊளையிடப் பார்க்கிறதா என்றுதான் கேட்போம். அர்த்தம் எங்களைத் தாண்டிப் போய்விடும். ஒரே ஒரு கூட்டத்தில்தான் நான் அர்த்தத்தைக் கேட்டேன்.

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேருக்கு முன்னால் பேச வாய் வராது. அதனால்தானோ என்னவோ இந்தத் தொழில் பிடித்துப்போயிற்று. ஊரெல்லாம் பேசும். நான் சொல்ல வேண்டியது ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ மட்டும். அதையும் கூட்டம் வருவதற்கு முன்னால், காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னால் போதும்.

மேடையில் இருப்பவர்கள் சொல்லாமல் எந்த மைக்கையும் நிறுத்தக் கூடாது என்பது தொழிலில் ஒரு கட்டுப்பாடு. பேசுகிறவர் திட்டினாலும் உளறினாலும் அது நம் வேலை இல்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தெருவில் சாமி புறப்பாடு வந்தால், அந்தத் தெரு மண்டபத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும், மைக் செட்காரன் யாரையும் கேட்காமல் சத்தத்தை இறக்கிவிடுவான். எவ்வளவு பெரிய ஆள் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. நாதஸ்வரம் கடந்துபோகிற வரைக்கும் மைக்குக்கு உயிர் கிடையாது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். ஆனாலும் எந்த நாளில் எந்தச் சாமி எந்த வாகனத்தில் எந்தத் தெருவுக்கு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தொழில் அப்படி.

அந்தக் கூட்டத்தை ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ‘மாறும் உலகம், நம் நாடு, நம் தறி’ என்று பெரிய பேனர். சென்னையிலிருந்து இரண்டு நிபுணர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் பல நாடுகளில் நம் தூதரகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. இன்னொருவர் பொருளாதாரப் பேராசிரியர். நடுவில் உட்கார்ந்து கூட்டத்தை நடத்தியவர் ஒரு பட்டுக்கடை முதலாளி.

அந்த அம்மா வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து என் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா ஐயம்பேட்டையில் இருக்கிறாள். மாமா இறந்த பிறகு நெசவுக்காரர் ஒருவர் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்து ஒரே மகனைப் படிக்க வைத்தாள். அவன் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தான். கிழக்கே ஒரு நாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஒரு ஏஜென்ட் அழைத்துப்போனான். போய் இறங்கியதும் வண்டியில் ஏற்றி, ஆறு தாண்டி, எல்லை தாண்டி, அடுத்த நாட்டில் ஒரு பெரிய மதில் சுவருக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அங்கே வேலை என்பது போனில் ஊர் உலகத்தை ஏமாற்றுவது. ஏமாற்றாதவனுக்கு அடி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். பக்கத்தில் யாரோ நின்றுகொண்டிருப்பார்கள் போல. “நல்லா இருக்கேன் மா, சாப்ட்டேன் மா” என்பான். ஒரே ஒரு முறை கக்கூஸிலிருந்து கிசுகிசுப்பாகப் பேசி உண்மையைச் சொன்னான். எந்த ஊர், கட்டடத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னான். அக்கா அதை மனப்பாடமாக வைத்திருந்தாள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். காத்திருக்கச் சொன்னார்கள். அக்காவுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். எங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தோடு ரோட்டில் உட்கார வேண்டும், அப்போதுதான் வரும்.

“மைக்ல சொல்றேன்டா தம்பி. அவன் பேரு, ஊரு, அந்தக் கட்டடம், எல்லாத்தையும் ஜனங்க மின்னாடி சொல்றேன். அப்பறம் எப்டி சும்மா இருப்பாங்க?”

“கேள்வி நேரம்னு ஒண்ணு வைப்பாங்கக்கா. அப்ப மைக்க உன் கைக்கு வர வைக்கிறேன்.”

“சத்தமா வையி. தெரு முக்கு வரைக்கும் கேக்கணும்.”

“வைக்கிறேன்.”

அன்று மதியம் வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது கேமராக்காரர் வந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற என் மிக்சர் பெட்டியிலிருந்து ஒரு இணைப்பு வாங்கிக்கொண்டார். “லைவ் போவுதுபா. ஒன் சவுண்டுதான் ஒலகம் பூரா போவப் போவுது, பாத்துக்க” என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா பேச்சு உலகம் பூராவும் போகும்.

கோயிலில் உற்சவம் நடந்துகொண்டிருந்த நாள் அது. சாயங்காலம் மண்டபத்துத் தெரு வழியாகச் சாமி வர வேண்டும். அதற்குள் கூட்டத்தை முடித்துவிடலாம் என்று முதலாளி நினைத்திருந்தார். உற்சவ நெரிசலால்தான் அக்கா வந்த ஷேர் ஆட்டோ எங்கேயோ மாட்டிக்கொண்டது. பேச்சு ஆரம்பித்துவிட்டது, அக்காவைக் காணவில்லை.

முதல் பகுதி முழுக்க வரி. வேறு நாடு நம் துணிக்கு வரி போட்டால் இங்கே யாருக்கு வலிக்கும், அவர்கள் பட்டு நூலுக்கு நாம் வரி போட்டால் யாருக்கு நல்லது என்று இரண்டு பேரும் அழகாகப் பேசினார்கள். நெசவுக்காரர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு நடுவரிசையில் ஒருவர் எழுந்தார்.

“சார், வரி ஏறனா நூல் வெல ஏறுது. வரி எறங்கனா நூல் வெல எறங்க மாட்டுது. அது இன்னா சார் பழக்கம்?”

மண்டபம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார்.

“நூலு வெளிநாட்லருந்து வருது, பொடவ வெளிநாட்டுக்குப் போவுது” என்றார் இன்னொருவர் உட்கார்ந்தபடியே. “நடுவுல நாங்க மட்டுந்தான் சார் இங்கியே இருக்கறோம்.”

“அங்கதான் தப்பு. நம்ம பசங்க போய்க்கினே இருக்கறானுங்க” என்றார் முதலில் கேட்டவர். “என் பையன் தறில ஒக்கார மாட்டேன்றான். வெளிநாட்டுக்கு அனுப்புன்றான். அனுப்பலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க.”

அங்கேதான் பேச்சு திரும்பியது. வேலை என்று சொல்லி அழைத்துப்போய் அடைத்துவைக்கிற இடங்களைப் பற்றி அந்த அம்மா சொல்ல ஆரம்பித்தார். ஆறு, எல்லை, மதில் சுவர் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல என் கை மிக்சர் மேல் அப்படியே நின்றுவிட்டது. அக்கா மகன் கிசுகிசுத்த அதே விஷயங்கள்.

“இதுல குடும்பங்கள் செய்யற ஒரு தப்பு இருக்கு” என்றார். “பையனோட பேரையும் இடத்தையும் டிவியில, யூடியூப்ல சொல்லிடறாங்க. அடைச்சு வச்சிருக்கிறவங்க இதையெல்லாம் பாக்கிறாங்க. நம்ம பாஷை தெரிஞ்ச நம்ம பசங்களையே உக்கார வச்சுப் பாக்கச் சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு கேஸ்ல அம்மா பேட்டி குடுத்தாங்க. மறுநாள் பையனை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. அப்புறம் அவன் எங்கன்னு எங்களால கண்டுபிடிக்கவே முடியல.”

பேராசிரியர் உடனே மறுத்தார். “மேடம் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். மனு குடுத்துட்டு அமைதியா இருந்தா அது ஃபைல்லயே தூங்கும். பேரு வெளிய வந்தாத்தான் அரசாங்கத்துக்கு அழுத்தம் வரும். சத்தம் போட முடியாதவங்களை யார் தேடுறா?”

“சத்தம் போடுங்க. பேரைச் சொல்லாதீங்க.”

“பேர் இல்லாத சத்தத்துக்கு என்ன மதிப்பு மேடம்?”

இரண்டு பேர் குரலும் உயர்ந்தது. வழக்கமாக இப்படி நடந்தால் நான் இரண்டு மைக்கையும் கொஞ்சம் இறக்குவேன். அன்று கை வரவில்லை. ஒருவர் சொன்னது அக்காவின் நியாயம். இன்னொருவர் சொன்னது உண்மையென்றால், அக்கா பேசினால் அவன் எங்கே என்றே தெரியாமல் போய்விடும். இரண்டு பேரும் படித்தவர்கள். எனக்கு யாரைக் கேட்பது?

அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளே வந்தாள். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். சர்ச்சுக்குக் கட்டும் புடவை. என் மேஜை மண்டபத்தின் பின்கோடியில் இருந்தது. போன் போட்டேன். அவள் கைப்பை மடியில் இருந்தது. எடுக்கவில்லை. கையை ஆட்டினேன். திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பயப்படாதே என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் தலையை ஆட்டினாள்.

“இப்போ கேள்வி நேரம். தலைப்புக்கு உள்ளயே கேளுங்க, சுருக்கமா கேளுங்க” என்றார் முதலாளி.

விழாக் குழுவில் இருந்த ஒரு டீச்சர் வயரில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐயம்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வருவார், மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள் என்று காலையில் அவரிடம் சொல்லி வைத்தது நான்தான். அவர் வாக்கைக் காப்பாற்றினார். நேராக அக்காவிடம் போனார்.

அக்கா எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“வணக்கம்ங்க. நான் ஐயம்பேட்டைலருந்து வர்றேன்.”

அவள் கேட்டபடியே சத்தமாகத்தான் வைத்திருந்தேன். குரல் மண்டபத்தின் நாலு சுவரிலும் மோதியது.

“எனுக்கு வரியப் பத்தியெல்லாம் தெரியாதுங்க. எனுக்கு ஒரே புள்ள.”

“அம்மா, தலைப்புக்கு உள்ள…” என்றார் முதலாளி. அவர் என்னைப் பார்த்து விரலால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். நிறுத்து என்று அர்த்தம்.

“பேச வுடுங்கய்யா!” என்று நெசவுக்காரர்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. “பெத்தவ பேசறா. ஒங்களுக்கு இன்னா அவசரம்?”

“மைக் செட்டு, கை வச்சியானா தெரியும்!” என்று ஒருவர் என்னைப் பார்த்தே கத்தினார்.

மேடையில் அந்த அம்மா பாதி எழுந்துவிட்டார். வேண்டாம் என்பதுபோல் கையை நீட்டினார். பக்கத்தில் பேராசிரியர், பேசுங்கள் பேசுங்கள் என்று அக்காவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேமராக்காரர் கேமராவை அக்கா முகத்துக்குத் திருப்பினார்.

நான் மிக்சரில் அக்கா மைக்கின் சத்தக் குமிழில் விரலை வைத்திருந்தேன். இப்போது இறக்கினால் முதலாளிக்குப் பயந்து ஒரு தாயின் வாயை மூடினான் என்றாகும். மண்டபத்தில் அடிதடி நடக்கும். அக்கா தொண்டை கிழியக் கத்தியாவது பேரைச் சொல்லிவிடுவாள். கேமராவில் இருக்கிற மைக் அதைப் பிடித்துக்கொள்ளும்.

“என் புள்ள பேரு…” என்றாள் அக்கா.

நான் குமிழை இறக்கினேன். இன்னொரு கையால் டெஸ்டிங் மைக்கை எடுத்தேன். நிறைந்த மண்டபத்தில் நான் மைக்கில் பேசியது அதுதான் முதல் முறை.

“சாமி வருது. எல்லாரும் எழுந்திருங்க. சாமி வருது.”

என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. கத்திக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வாயை மூடி வாசல் பக்கம் திரும்பினார்கள். துண்டு தோளிலிருந்து இறங்கியது. செருப்பைக் கழற்றினார்கள். முதலாளி மேடையிலேயே கைகூப்பினார். அவரைப் பார்த்துப் பேராசிரியரும் கூப்பினார். மண்டபத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

தெருவில் எதுவும் இல்லை. ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. சாமி அப்போது ரொம்பத் தள்ளி, இன்னொரு தெருவில் மண்டகப்படியில் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா மட்டும் வாசலைப் பார்க்கவில்லை. அவள் உயிரில்லாத மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து அவளிடம் போனேன்.

“நீயாடா மூடின?” என்றாள். கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. “ஒன் கையாலயா?”

“அக்கா, பேரச் சொல்லாதக்கா. இது ஒலகம் பூரா போவுது. அவனுங்க பாக்கறானுங்களாம். பாத்தா புள்ளய வேற எடத்துக்கு மாத்திடுவானுங்களாம். அந்தம்மா சொன்னாங்க.”

“அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்? அந்தம்மா புள்ளயா அங்க கெடக்குது?”

அதற்குள் முன்வரிசையில் ஒருவர் கைகூப்பியபடியே கேட்டார். “எங்கபா சாமி?”

“மூல திரும்பிக்கினு இருக்குதுங்க” என்றேன்.

“நாயனம் கேக்கலியே?”

“காத்து அந்தப் பக்கமா அடிக்குதுங்க.”

அவர் மறுபடியும் வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

மேடையிலிருந்து அந்த அம்மா இறங்கி எங்களிடம் வந்துவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா நிறுத்தினீங்க?” என்றார். தலையை ஆட்டினேன். அக்காவின் தோளைப் பிடித்து, சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமாக நடத்திக்கொண்டு போனார். அங்கே சமையல்காரர்கள் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்று, “இப்பச் சொல்லுங்க. என் காதுல சொல்லுங்க” என்றார்.

அக்கா அவர் காதுக்குக் குனிந்தாள். அப்போது அவள் அழுதுவிட்டாள். அந்த அம்மா ஒரு காகிதத்தில் எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். நான் தள்ளி நின்றேன். எனக்கு மேஜைக்குத் திரும்பவும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உண்மையாகவே நாதஸ்வரம் கேட்டது. அதற்குள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடியும் எழுந்தார்கள். “காஞ்சிபுரத்துல ஒரே நாள்ல ரெண்டு தடவ சாமி வர்றது இன்னிக்குத்தான்பா” என்று ஒரு நெசவுக்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் சொல் கேட்டு நடந்தவன் என்று அவர் நினைத்தார். அதைவிட அக்கா கோபம் தேவலை என்று இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதுவது கஷ்டம். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ‘என் புள்ள பேரு’ என்பதோடு அக்கா குரல் நின்று, ‘சாமி வருது’ என்கிற என் குரல் வருகிறது. பேர் வெளியே போகவில்லை. ஆனால் ‘ஐயம்பேட்டை’ போய்விட்டது. ‘ஒரே புள்ள’ போய்விட்டது. அது போதுமா, போதாதா? யாரிடம் கேட்பது? அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்று கேமராக்காரரிடம் கேட்க இரண்டு முறை அவர் கடை வாசல்வரை போனேன். ஏன் என்று கேட்டால் அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை.

அக்கா என்னிடம் பேசவில்லை. சர்ச்சில் தூரமாகப் போய் உட்கார்ந்தாள். பேரைச் சொல்ல விட்டிருந்தால் இந்நேரம் ஏதாவது நடந்திருக்கும் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். எனக்கும் இரவும் பகலும் அந்தப் பேராசிரியர் சொன்னதுதான் ஓடியது. பேர் இல்லாத சத்தத்துக்கு என்ன மதிப்பு? அக்காவின் சத்தத்தையும் நானே எடுத்துவிட்டேனே.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுப் பக்கத்துப் பெண் எனக்குப் போன் செய்தாள். “வந்திச்சு, போன் வந்திச்சு” என்று மட்டும் சொன்னாள். நான் போனபோது அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். “சாப்ட்டானாம்” என்றாள். என்னிடம்தான் சொன்னாள்.

அவன் மழைக்காலம் முடிகிற நேரத்தில் வந்தான். அங்கே அடைபட்டிருந்த பல பேரை ஒன்றாக மீட்டு அனுப்பினார்கள். அந்த அம்மா யார் யாரிடம் பேசினாரோ, மனு எந்த மேஜையில் எழுந்ததோ, எனக்குத் தெரியாது. பேராசிரியர் சொன்னது தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஊரே சத்தம் போட்டதால் வெளியே வந்தவர்களும் அப்படி மீண்டவர்களில் இருந்தார்கள் என்று இவனே சொன்னான்.

உடம்பு பாதியாகியிருந்தது. கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நான் ஸ்பீக்கருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அந்த வீடியோவ நான் அங்கியே பாத்தேன் மாமா.”

நான் கையை நிறுத்தினேன்.

“தமிழ் வீடியோலாம் பாக்கறதுக்குன்னு ஒருத்தன் இருந்தான். ஐயம்பேட்டைன்னு கேட்டதும் என்னக் கூப்ட்டாங்க. காஞ்சிபுரத்துக்காரன் நான் ஒருத்தன்தான். இது யாருன்னு கேட்டாங்க. மறுபடியும் மறுபடியும் போட்டுக் காட்டினாங்க. பேரு வர்ற எடத்துல சத்தம் இல்ல. அப்பறம் எல்லாரும் நின்னுக்கினு சாமி கும்பிடறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“யாரோ ஒரு அம்மா, எனுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.” அவன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டு நாள் வச்சிக் கேட்டாங்க மாமா. அதையேதான் சொன்னேன். அப்பறம் வுட்டுட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிடாத.”

“சொல்ல மாட்டேன்.”

“நல்ல நேரம் மாமா. சரியா அந்த நேரத்துல சாமி வந்திச்சு.”

நான் ஈயத்தைக் கீழே வைத்தேன்.

“வரலடா” என்றேன். “அப்ப சாமி மூலகூடத் திரும்பல.”

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. கீழே கிடந்த வயரை எடுத்து, நான் கேட்காமலே, சுருட்ட ஆரம்பித்தான்.

உள்ளேயிருந்து அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும்.